ஒரே வார்டு, இரண்டு வயது

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் குடிகொண்ட இறைவனின் பெயரே வைத்தியநாதர். பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்குத் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தல வரலாறு. திருமலை நாயக்கரின் தீராத வயிற்று வலியைத் தீர்த்தார் என்பது இன்னொரு கதை. முன்னது ஒரு நாளில் முடிந்த காரியம். பின்னது நாள்பட்ட தொல்லை. ஆஸ்பத்திரியில் இளையவர்கள் சேர்வதற்கும் முதியவர்கள் சேர்வதற்கும் உள்ள வேறுபாடும் ஏறக்குறைய இதுதான்.

இளையவர் வரும்போது காரணமும் கூடவே வருகிறது. பிரசவம், பைக் விபத்து, பட்டாசு ஆலைத் தீக்காயம், பூச்சிமருந்து, குடல்வால், டெங்கு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள்.

முதியவர் வரும்போது காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. “ரெண்டு நாளா சாப்பிடலை, ஏதோ மாத்திப் பேசுறாங்க” என்றுதான் வீட்டார் சொல்வார்கள். அது நுரையீரல் சளியாக இருக்கலாம், காய்ச்சலே இருக்காது. மாரடைப்பாக இருக்கலாம், நெஞ்சு வலித்திருக்காது, சுகர் உள்ளவர்களுக்கு இது சகஜம். சிறுநீர்த் தொற்றாகவோ, உப்பு குறைந்ததாகவோ, சாப்பிடும் மாத்திரைகளே ஒன்றோடொன்று மோதியதாகவோ இருக்கலாம். இளையவருக்கு ஒரு நோய் என்றால், முதியவருக்கு நான்கைந்து நோய்கள் கைகோத்து நிற்கும்.

குணமாகும் வேகமும் வேறு. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். அந்தத் துணி இரண்டு வயதுக்கும் ஒன்றுதான். அதைச் சுற்றியிருக்க வேண்டிய நாள்கள் ஒன்றல்ல. இளைஞன் பத்து நாள் படுத்தாலும் எழுந்து நடந்துவிடுவான். எழுபது வயதுக்காரர் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசை வலு குறையும். வந்த நோய் தீர்ந்தும் நடை திரும்பாமல் வீடு போகிறவர்கள் உண்டு.

அரசின் திட்டங்களிலும் இந்த இரண்டு காலங்கள் தெரிகின்றன. 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸுக்கு நிமிடக் கணக்கு. 2021-ல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்துக்கு விபத்துக்குப் பின் 48 மணி நேரக் கணக்கு. அதே ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதற்கு மாதக் கணக்கு. முதியோருக்கெனத் தனி மருத்துவம் வேண்டும் என்பதைச் சென்னை 1978-லேயே உணர்ந்தது, டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் பிரிவு அப்போதே தொடங்கியது.

ஆக, இளையவரைக் காப்பது விரைவு. முதியவரைக் காப்பது தொடர்ச்சி. இளையவருக்கு ஆஸ்பத்திரி வாசலோடு ஆபத்து பாதி தீரும். முதியவருக்கோ டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் பாதி வைத்தியம் தொடங்குகிறது. வீட்டுப் பெரியவரை அட்மிட் செய்யப் போகிறவர்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது, எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எப்போது நடக்க வைக்க வேண்டும், மறுபடி என்றைக்கு வர வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள்.