மெல்லிய அலையும் சிறிய மின்கலமும்

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, உறவினரிடமிருந்து வரும் ஒரு சொல்லின் அருமை நன்கு தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் பலவற்றில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. அங்கு வாழும் தமிழரின் நலம் அறிய இயலாது சுற்றத்தார் தவித்தனர்.

அவ்வேளையில் பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் வானொலியாளர் சிலர் போர்ட் பிளேரில் இருந்தனர்; அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. உலகெங்குமுள்ள அன்பர்களோடு வானொலியில் உரையாட வந்திருந்த அவர்கள், அதனை ஒதுக்கிவிட்டுத் துயர்துடைப்புச் செய்திகளைச் சுமந்தனர்.

தெருவில் மின்சாரமில்லாதபோதும் கைக்கடக்கமான கருவி பேசுவது எவ்வாறு? விடை பெருக்கியின் வரலாற்றில் உள்ளது. 1906இல் லீ டி பாரஸ்ட் அமைத்த மும்முனை வால்வு பின்னர் பெருக்கியாயிற்று. அதன் இழையைச் சூடாக்க ஒரு மின்கலமும், 90 வோல்ட் அளவில் மற்றொன்றும் பழைய பெட்டிகளுக்கு வேண்டியிருந்தன. 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 9 வோல்ட் போதுமென்றாயிற்று. 1958இல் ஜாக் கில்பி, சுற்றின் உறுப்புகளை ஒரே சில்லில் அமைத்துக் காட்டினார். இன்றைய சில்லுகளில் ஒரு வோல்ட் அளவிலேயே இயங்கும் பெருக்கிகள் உண்டு.

எனினும், இச்சிக்கனம் விலையின்றிக் கிட்டுவதன்று. ஏரியலில் சேரும் அலை ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். முதற் பெருக்கி சேர்க்கும் இரைச்சலைப் பின்வரும் பெருக்கிகளும் பெருக்கிவிடும். ஆகவே முதற் படியின் தூய்மையே தலையாயது என்பதை 1944இல் ஹரால்டு பிரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். மின்னோட்டத்தைக் குறைத்தால் இரைச்சல் மிகும். அழுத்தத்தைக் குறைத்தால் அண்டை நிலையத்தின் வலிய அலை மெல்லிய அலையைச் சிதைத்துவிடும். இதற்கெனப் பொறியியலார் ஓர் உத்தி கண்டனர். மின்தடைக்குப் பதிலாகக் கம்பிச்சுருளை வைத்தால், அது கிடைக்கும் சிற்றழுத்தத்தை விழுங்குவதில்லை.

2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் தீவுகளை எட்டியது. வேகம் பெருகியது, மகிழ்வோம். ஆனால், வடமும் கோபுரமும் ஓய்ந்த நாளில், சிறு மின்கலத்தால் இயங்கும் பெருக்கியே நம் உறவினரின் குரலைக் காத்துத் தரும். அதன் அருமையை நாம் மறவாதிருப்போமாக.