கைவிடப்பட்ட போர்க்குதிரைகள்



வரலாறு என்றால் அரசர்கள், தளபதிகள், போர்கள், உடன்படிக்கைகள் என்றே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். முதல் உலகப் போர் எப்போது நடந்தது என்று கேட்டால், 1914-இல் தொடங்கி 1918-இல் முடிந்தது என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தப் போரில் பீரங்கி வண்டியை இழுத்த குதிரை, போர் முடிந்த பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால் விழிப்பார்கள். பாடநூலில் அதற்கு விடை இல்லை. அந்த விடையைத் தேடி இன்று நாம் எகிப்து நாட்டுத் தலைநகரான கெய்ரோவுக்குப் போவோம். உழைத்து ஓய்ந்த உயிரை உலகம் என்ன செய்கிறது என்ற கேள்வி, உடல் உழைப்பால் வாழும் நமக்கு அந்நியமான கேள்வி அன்று.

லாரியும் டாங்கியும் பெருகாத காலம் அது. துப்பாக்கி வீரர் ஏறிச் செல்லவும், பீரங்கியை இழுக்கவும், குண்டும் மாவு மூட்டையும் தண்ணீரும் சுமக்கவும், காயம் பட்டவரைக் கொண்டுவரவும் குதிரையும் கோவேறு கழுதையுமே வேண்டியிருந்தன. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் இராணுவத்திடம் இருந்த குதிரைகள் ஏறத்தாழ 25,000. அவை எந்த மூலைக்குப் போதும்? இரண்டே வாரங்களில் மேலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் திரட்டப்பட்டன. கலப்பை இழுத்தவை, பால் வண்டி இழுத்தவை, செல்வர் வீட்டுச் சவாரிக் குதிரைகள் எல்லாம் பட்டாளத்தில் சேர்ந்தன. அதுவும் போதாமல் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் சுமார் 136,000 குதிரைகள் கடல் கடந்தன.

ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கு 'வேலர்' என்று பெயர். அவற்றுள் பல நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து வந்ததால் ஏற்பட்ட பெயர் அது. நம் முன்னோர் கப்பலேறிய சென்னைத் துறைமுகத்தில், இந்தப் போருக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வேலர் குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன. இந்தியாவில் இருந்த பட்டாளத்துக்காக வாங்கப்பட்டவை அவை. வெயிலையும் தாகத்தையும் தாங்கும் குதிரை என்று அதற்குப் பேர்.

அந்தத் தாங்கும் சக்திக்குச் சோதனை வந்த இடம் பாலஸ்தீனம். அங்கே துருக்கியரை எதிர்த்து நடந்த போர் பாலைவனப் போர். 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பீர்ஷீபா என்ற ஊரைப் பிடிக்கச் சண்டை நடந்தது. அந்த ஊரில் இருந்த பெரிய செல்வம் அதன் கிணறுகள். ஒரு நாளுக்கும் மேலாகத் தண்ணீர் காணாத குதிரைகள் படையில் இருந்தன. அன்று கிணறுகள் கைக்கு வராவிட்டால் அத்தனை குதிரைகளும் தாகத்தால் வீழும் நிலை. பொழுது சாயும் வேளையில் ஆஸ்திரேலியக் குதிரை வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நேரே பாய்ந்து சென்று ஊரைப் பிடித்தார்கள். மறு ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், ஹைஃபா நகரத்தைப் பிடித்தவர்கள் இந்தியாவின் ஜோத்பூர், மைசூர் குதிரைப் படையினர். அந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னங்கள் எழுந்தன. அது நியாயந்தான். அவர்களைச் சுமந்து ஓடியவை என்ன ஆயின?

உலகெங்கும் அந்தப் போரில் மாண்ட குதிரைகள், கோவேறு கழுதைகள், கழுதைகள் சுமார் 80 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிழைத்தவற்றுள் பலவற்றுக்கும் வீடு திரும்பும் வழி கிடைக்கவில்லை. கப்பலில் இடம் இல்லை, செலவு அதிகம். அயல்நாட்டுக் கால்நடை நோய் நாட்டுக்குள் வந்துவிடும் என்ற அச்சம் ஆஸ்திரேலியாவுக்கு. ஆகவே 136,000 குதிரைகளில் தாய்நாடு திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் சாண்டி. கலிப்பொலியில் சுடப்பட்டு 1915-இல் உயிர்துறந்த ஜெனரல் பிரிட்ஜஸ் அவர்களின் குதிரை என்பதால் அதற்கு அந்தச் சலுகை கிடைத்தது.

மற்றவை? கிழடு என்றும் நோயாளி என்றும் ஒதுக்கப்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. திடமானவை சில வேறு படைகளுக்குப் போயின. ஆயிரக்கணக்கானவை எகிப்திலேயே விலைக்கு விற்கப்பட்டன. பட்டாளத்துக் கணக்குப் புத்தகத்தில் அத்துடன் அவற்றின் கதை முடிந்தது. கெய்ரோ தெருவில் அது அப்போதுதான் தொடங்கியது. வண்டி இழுப்பதும், கல்லுடைக்கும் இடத்தில் பாரம் இழுப்பதுமாக, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, ஒவ்வொரு கை மாறும்போதும் விலை குறைந்து, பாரம் மட்டும் குறையாமல் அவை உழைத்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1930-ஆம் ஆண்டில் டோரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் ஜெஃப்ரி புரூக், எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் குதிரைப் படைப் பிரிவின் தலைவர். அந்த அம்மையார் நினைத்திருந்தால் விருந்தும் கேளிக்கையுமாகக் காலத்தைப் போக்கியிருக்கலாம். அவரோ தெருவில் போகும் வண்டிக் குதிரைகளை உற்றுப் பார்த்தார். எலும்பும் தோலுமான அந்த உடல்களில் ஓர் அடையாளத்தைக் கண்டார். பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதைக் காட்டும் அம்புக் குறிச் சூடு அது. போர் முடிந்தபோது ஐந்து வயதாக இருந்த குதிரைக்கே இப்போது பதினேழு வயது. பல குதிரைகளுக்கு இருபதுக்கும் மேல். குதிரைக்கு அது தள்ளாத வயது. கண் பார்வை போனவை, குளம்பு கோணியவை, சேணம் உரசி முதுகில் புண் வைத்தவை எல்லாம் இன்னும் நுகத்தடியில் இருந்தன.

'ஓல்ட் பில்' என்று அவர் பெயரிட்ட ஒரு கிழக்குதிரை அவர் மனத்தை மிகவும் உலுக்கியது. ஒன்றை விலைக்கு வாங்கினால் தம் மனம் ஆறலாம். மற்றவற்றுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் பேனாவை எடுத்தார். இலண்டனில் வெளிவந்த 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அது வெளியாயிற்று. நம் வீரர்களைச் சுமந்த குதிரைகள் இங்கே இந்த நிலையில் இருக்கின்றன, அவற்றை விடுவிக்க உதவுங்கள் என்பதே அதன் சாரம். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். ஒரு குழு அமைந்தது. மூன்று ஆண்டுகளில் 5,000 பழைய போர்க்குதிரைகள் வாங்கப்பட்டன. கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு முப்பதுக்கு மேல்!

இந்த இடத்தில் நேயர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். வாங்கப்பட்ட குதிரைகளெல்லாம் பச்சைப் புல்வெளியில் துள்ளி விளையாடின என்று கதையை முடிக்க நமக்கும் ஆசைதான். நடந்தது அதுவன்று. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தேறும் நிலையைக் கடந்துவிட்டவை. சில நாள் ஓய்வும், தீனியும், அன்பும் கொடுத்து, பிறகு துன்பமில்லாமல் அவற்றின் உயிரைப் போக்கினார்கள்.

காப்பாற்ற வாங்கிக் கொல்வதா என்று நம்மில் பலர் முகம் சுளிப்போம். உயிர்க்கொலை பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அந்தக் குதிரையின் பக்கம் நின்று பார்ப்போம். கிழக்குதிரைக்குப் பல் தேய்ந்துவிட்டால் தீனியை மெல்ல முடியாது. நிறையத் தின்றும் இளைக்கும். கால் மூட்டு கெட்டுவிட்டால், நிற்கும் ஒவ்வொரு நாழிகையும் அதற்கு வேதனை. திருப்பிக் கொடுத்தால் மீண்டும் நுகத்தடி. வைத்திருந்தால் மருந்துக்கு அடங்காத நோவு. அந்த அம்மையார் எதிரே இருந்த வழிகள் இவைதாம். தம் மனச்சுமையைக் குறைத்துக்கொள்வதா, குதிரையின் வலியைக் குறைப்பதா என்று வந்தபோது, அவர் குதிரையைப் பார்த்தார். சரியா தவறா என்று நேயர்கள் வீட்டில் பேசிப் பார்க்கலாம். எளிதான முடிவு அன்று என்பதை மட்டும் எல்லாரும் ஒப்புவோம்.

அந்தக் கடைசி நாள்கள் எப்படி இருந்தன என்பதை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கொட்டிலில் வைக்கோல் துணுக்கைக் கனமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். உள்ளே வரும் குதிரை, காலுக்கடியில் மெத்தென்று இருப்பதை உணர்ந்து தயங்கி நின்றுவிடுமாம். தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்குமாம். பிறகு சில குதிரைகள் பசுந்தீவனம் குவித்திருந்த தொட்டியை நோக்கிப் போகும். சில குதிரைகள் மூட்டு நோவோடு மெல்ல மெல்லப் படுத்து, காலையும் தலையையும் நீட்டிக்கொள்ளும். பகல் முழுவதும் நின்று உழைத்து வந்து உடம்பைச் சாய்ப்பவர்களுக்கு, அந்தப் படுக்கையின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. அந்தக் குதிரைகளை வைத்திருந்தவர்கள் யார்? கொடியவர்களா? அவர்களுள் பலர் பரம ஏழைகள். அன்றைக்கு வண்டி ஓடினால்தான் அன்றைக்கு வீட்டில் ரொட்டி. குதிரைக்கு ஓய்வு கொடுத்தால் பிள்ளைகள் பட்டினி. காயத்துக்கு மருந்து வாங்கக் காசு இல்லை. எந்த மருந்து என்று சொல்லவும் ஆள் இல்லை. குதிரையின் விலாவில் எலும்பு தெரிந்ததென்றால், வண்டிக்காரர் விலாவிலும் அது தெரிந்தது.

டோரதி அம்மையார் இதை உணர்ந்தவர். குதிரையை அவர் பறிக்கவில்லை. உரிய விலை கொடுத்தே வாங்கினார். ஆனால் விலை கொடுத்து வாங்குவது மட்டும் போதுமா? பழைய போர்க்குதிரைகள் ஒரு நாள் தீர்ந்துவிடும். வறுமை தீராதே! நாளைக்கு இன்னொரு குதிரை அதே வண்டியில், அதே புண்ணோடு நிற்கும். ஆகவே 1934-ஆம் ஆண்டில் கெய்ரோவில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். பழைய போர்க்குதிரைகளின் நினைவாகவே அதற்குப் பெயர் வைத்தார். நகரத்தில் உழைக்கும் குதிரை, கழுதை எதுவானாலும் அங்கே கொண்டுவரலாம். காசு இல்லாமல் வைத்தியம் செய்யப்படும் என்று அறிவித்தார். இரக்கம் அங்கேதான் முழுமை பெற்றது என்று நாம் கருதுகிறோம். விலங்கின் மேல் இரக்கம் காட்டி, அதை வைத்துப் பிழைக்கும் ஏழையை மறந்துவிட்டால், அந்த இரக்கம் பாதி வழியில் நின்றுவிடும்.

1955-ஆம் ஆண்டில் அவர் கெய்ரோவிலேயே காலமானார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 'புரூக்' என்று அவர் பெயரையே தாங்கிய அமைப்பு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் இன்றும் பணி செய்கிறது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் செங்கல் சூளைகளில் பாரம் இழுக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அதன் உதவி போய்ச் சேருகிறது. வைத்தியம் பார்ப்பதோடு நில்லாமல், புண் படாதபடி சேணம் கட்டுவது எப்படி, லாடம் அடிப்பது எப்படி, வெயில் நேரத்தில் எத்தனை முறை தண்ணீர் காட்டுவது என்பதையெல்லாம் உரிமையாளருக்கே கற்றுக் கொடுக்கிறார்கள். வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் காப்பது சிக்கனம். குதிரைக்கும் நல்லது, அதன் சொந்தக்காரருக்கும் நல்லது.

வேலை முடிந்த குதிரை எங்கே போகும் என்ற கேள்வி நம் பக்கத்திலேயே எழுந்ததுண்டு. 1842-இல் தோன்றிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயக் கழகம், 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அங்கிருந்த நூற்றுக்கணக்கான குதிரைகளை என்ன செய்வது என்பது அப்போது பெரிய கேள்வியாயிற்று. அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பவும், அதுவரை பராமரிக்கவும் கால அவகாசமும் ஏற்பாடும் வகுத்தார்கள். 1918-இல் இப்படி ஒரு யோசனை பெரிதாக எழவில்லை. ஒரு நூற்றாண்டில் மனிதன் கொஞ்சம் கற்றிருக்கிறான் என்று இதைக் கொண்டு நாம் ஆறுதல் அடையலாம்.

குதிரை நம்மிடம் இல்லை. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் பாரம் இழுத்த மாட்டு வண்டியும் மறைந்துவிட்டது. ஆனால் பால் வற்றிய பசுவை வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. காவல் காத்துக் கிழடான நாய் நம் வீட்டு வாசலில் படுத்திருக்கிறது. பால் மரம் வெட்டித் தேய்ந்த கைகளோடு, பயன் முடிந்தவர்களாகத் தம்மையே எண்ணிக்கொண்டு, தாத்தாவும் பாட்டியும் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோர்களே, டோரதி அம்மையாரின் வரலாற்றை இன்றிரவு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்தப் பெரியவர்களையும் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடமும் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கும்.