கிண்டி முதல் சிறுசேரி வரை: தென்சென்னைப் புறநகரில் உயிரித் தொழில்நுட்ப மாணவர் தொழில்முனைவின் வளர்ச்சி

வடக்கே கிண்டி, தரமணி தொடங்கித் தாம்பரம் வழியாகத் தெற்கே வண்டலூர், காட்டாங்குளத்தூர் வரையிலும், கிழக்கே சிறுசேரி வரையிலும் விரிந்து கிடக்கும் தென்சென்னைப் பகுதியில், உயிரியல் அறிவைப் பயன்தரும் பொருளாக்கும் பணிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எனினும், அந்த அறிவைக் கற்கும் மாணவரே தொழிலையும் தொடங்கலாம் என்னும் எண்ணம் இங்கு வேரூன்றியது இந்த நூற்றாண்டில்தான். அதற்காக அரசும் கல்வி நிறுவனங்களும் முதலில் கட்டடத்தையும் பின்னர் நிதியையும் தந்தன. தொழில் நடத்தித் தேர்ந்தவரின் துணையும் மாணவருக்கு வேண்டும் என்பது காலம் தாழ்ந்தே உணரப்பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அம்மைத் தடுப்பு மருந்துக்காக 1899-இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையமும், அதே வட்டாரத்தில் 1948-இல் தொடங்கப்பட்ட பி.சி.ஜி. எனப்படும் காசநோய்த் தடுப்பூசி ஆய்வகமும் முதற்கட்டத்தின் அடையாளங்கள். இவற்றில் அறிவியலாளர் அரசு ஊழியராகவே இருந்தார். ஆக்குவதும் வழங்குவதும் அரசே ஆனதால் விலை, வாடிக்கையாளர், போட்டி என்னும் கேள்விகளுக்கு இடமில்லை. மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய தாம்பரம் காசநோய் மருத்துவமனையும்கூடச் சில ஆண்டுகளிலேயே அரசின் கைக்குச் சென்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது உடன் வந்த அறிவியல் கல்வியும் ஆசிரியர்களையும் அலுவலர்களையும் உருவாக்கும் நோக்குடையதாகவே இருந்தது; அக்காலத்துக்கு அது குறையும் அன்று.

மத்திய அரசு 1982-இல் தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியத்தையும், 1986-இல் தனித் துறையையும் ஏற்படுத்தியதன் தொடர்ச்சியாக, 1987-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் குந்தளா ஜெயராமன் தலைமையில் உயிரித் தொழில்நுட்ப மையம் உருவானது. பொறியியல் வளாகம் ஒன்றில் உயிரியல் நுழைந்ததால், நொதிகலன் வடிவமைப்பு, அதாவது நுண்ணுயிரிகளைப் பெருமளவில் வளர்க்கும் கலனைத் திட்டமிடும் கலை, பாடமாயிற்று. ஆனால் நிறுவனம் நடத்துவது பாடமாகவில்லை. அமெரிக்காவில் 1976-இலேயே பேராசிரியர் ஹெர்பர்ட் போயரும் முதலீட்டாளர் ராபர்ட் ஸ்வான்சனும் சேர்ந்து ஜெனென்டெக்கைத் தொடங்கியிருந்தனர். அரசு நிதியில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள 1980-ஆம் ஆண்டின் பேய்–டோல் சட்டம் வழிவகுத்தது. அதையொத்த மசோதா 2008-இல் இந்திய மாநிலங்களவைக்கு வந்தும் சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாம் கட்டத்தைப் பூங்காக்களின் காலம் எனலாம். தமிழக அரசு 2000-இல் உயிரித் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. வேளாண் அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதனின் கருத்துருவில், நாட்டு விடுதலையின் பொன்விழா நினைவாக, சிறுசேரி சிப்காட் தொழில் வளாகத்தில் மகளிர்க்கெனத் தனி உயிரித் தொழில்நுட்பப் பூங்கா 2001-இல் திறக்கப்பட்டது. தரமணியில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் டைசல் பயோ பார்க் 2004-இல் எழுந்தது. அறிவியல் படித்த பெண்கள் பணிக்குச் செல்லாமல் வீட்டோடு நின்றுவிடும் நிலையைச் சிறுசேரித் திட்டம் நேராக எதிர்கொண்டது என்பதால், இவ்விரண்டில் அதுவே துணிச்சலானது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: தடையற்ற மின்சாரமும் கழிவு நீக்க வசதியும் கொண்ட கூடத்தை வாடகைக்குத் தந்தால் தொழில் தானே வரும் என்பது. ஏற்கெனவே நிறுவனம் வைத்திருப்பவர்க்கு இது பொருந்தும். கையில் கருத்து மட்டுமே உள்ள இருபது வயது மாணவருக்கு வேண்டியது சதுர அடிக் கணக்கில் கூடம் அன்று. ஒரு மேசையும், கூட நின்று வழிகாட்டும் ஒருவரும்தான்.

இவ்வேறுபாட்டை சீ6 எனர்ஜி நிறுவனத்தின் வரலாறு தெளிவாக்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உயிரித் தொழில்நுட்பம் பயின்ற மாணவர் குழுவும், உயிரி மருந்து நிறுவனமான பயோகானின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பின் அதே ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்த வந்த ஸ்ரீகுமார் சூரியநாராயணனும் இணைந்து 2010-இல் அதைத் தொடங்கினர். கடற்பாசியிலிருந்து எரிபொருள் எடுப்பதே தொடக்க நோக்கம். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரையோர மீனவக் குடும்பங்கள் மூங்கில் மிதவைகளில் காப்பாபைகஸ் என்னும் பாசியின் துண்டுகளைக் கயிற்றில் கையாலேயே கட்டி, ஏறத்தாழ 45 நாளில் அறுவடை செய்வது வழக்கம். அலை தணிந்த ஆழமற்ற நீரில் மட்டுமே இம்முறை செல்லும் என்பதாலும், ஒவ்வொரு துண்டையும் கையால் கட்ட வேண்டியிருப்பதாலும், எரிபொருளுக்குத் தேவையான அளவையும் விலையையும் இதனால் எட்ட முடியாது. ஆகவே குழு, ஆய்வுக்கூடச் சிக்கலை விட்டுக் கடற்சிக்கலுக்குத் திரும்பி, அறுப்பதையும் மறுநடவையும் ஒருசேரச் செய்யும் இரட்டை உடற்படகு ஒன்றை உருவாக்கியது. எரிபொருள் பின்னுக்குச் செல்ல, பாசிச் சாற்றில் செய்த பயிர் ஊக்கிகள் சந்தைக்கு வந்தன. எதை முதலில் விற்றால் நிறுவனம் பிழைக்கும் என்னும் இக்கணக்கு பாடநூலில் இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றில் அதைப் போட்டுப் பழகியவர் குழுவுக்குள்ளேயே இருந்தார். சென்னையில் கருக்கொண்ட இந்நிறுவனம் பெங்களூரில் நிலைகொண்டது என்பதும் கருதத்தக்கது. நடந்து செல்லும் தொலைவில் டைசல் இருந்தும் இவ்வாறு நேர்ந்ததற்குத் தொடக்கநிலைக் குழுவைத் தாங்கும் அமைப்பு இங்கு அன்று போதிய அளவில் இல்லாமையே காரணம் எனக் கருத இடமுண்டு.

அக்குறையை நிரப்பும் முயற்சி 2012-இல் மத்திய அரசு பைராக் எனப்படும் உயிரித் தொழில்நுட்பத் தொழில் ஆய்வு உதவிக் கழகத்தை அமைத்ததோடு தொடங்குகிறது. கருத்து செயற்படும் என்பதை மெய்ப்பிக்க 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை அது நல்கை அளித்தது. பங்கு கேட்காத பணம் என்பதே இதன் சிறப்பு. அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களில் புத்தாக்கத் தொகுதிகளும், பின்னர் இளநிலை மாணவர் குழுக்களையும் சேர்த்துக்கொண்ட இ-யுவா திட்டமும் வந்தன. இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர் காப்பகங்கள் ஐ.ஐ.டி.யிலும், வண்டலூர் கிரசென்ட் வளாகத்திலும் தோன்றின. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரிக்குள் எம்.சி.சி.–எம்.ஆர்.எஃப். புத்தாக்கப் பூங்கா அமைந்தது.

மாணவர், ஆசிரியர் புத்தொழில்களுக்காக மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கொள்கை, தொழில் முயற்சியைப் பட்டப்படிப்பின் திட்டப்பணியாகவே ஏற்கவும், அதற்காகப் பருவ இடைவேளை அளிக்கவும் கல்லூரிகளுக்கு வழிகாட்டுகிறது. உதவிக்கு ஈடாகக் கல்வி நிறுவனம் 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு பெறலாம் என்கிறது. எந்தக் கருவியை எவ்வளவு காலம் பயன்படுத்தினால் காப்புரிமையில் கல்லூரிக்கும் உரிமை உண்டாகும் என்பதை மாணவர் முதல் நாளிலேயே எழுத்தில் பெறுவது நல்லது. முதலீட்டாளர் வரும் நாளில்தான் இச்சிக்கல் தலைதூக்கும்.

தாம்பரம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் வேறொன்று. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருவதால், மூலிகை சார்ந்த தொழிற்கருத்துகள் இங்கு எழுவது இயல்பே. ஆனால் மரபறிவையும், அறியப்பட்ட மரபுப் பொருள்களின் பண்புகளைத் தொகுப்பதையும் கண்டுபிடிப்பாகக் கொள்ளக் காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவு இடந்தராது. நாட்டின் உயிரி வளத்தைக் கொண்டு செய்த கண்டுபிடிப்புக்கு, 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி, தேசிய உயிரினப் பன்மை ஆணையத்தின் இசைவும் வேண்டியிருந்தது. 2023-இன் திருத்தம் இந்நடைமுறையை இந்தியருக்குச் சற்று எளிதாக்கியது. அவ்வாணையம் இருப்பதோ இதே தரமணி டைசல் வளாகத்தில். சட்டம் அறிந்த ஒருவர் பாடவேளைக்குள் வந்து ஒரு விண்ணப்பத்தை மாணவரோடு அமர்ந்து நிரப்பினால், பல வணிகத் திட்டப் போட்டிகள் கற்பிக்காததை அது கற்பிக்கும்.

தீராத முரண் காலத்தைப் பற்றியது. பருவம் என்பது ஆறு மாதம்; நல்கை 18 மாதம்; மருந்தோ நோயறி கருவியோ விலங்குச் சோதனை, மனிதச் சோதனை, உரிமம் எனப் பல ஆண்டுகளைக் கேட்கும். மென்பொருள் புத்தொழிலுக்கு வகுத்த பாடத்திட்டத்தையே உயிரித் தொழில்நுட்ப மாணவர்க்கும் வைக்கும் கல்லூரிகளில், அவர் பெரும்பாலும் செயலி ஒன்றையோ விற்பனைத் தளம் ஒன்றையோ நோக்கி நகர்ந்துவிட நேர்கிறது. சீ6 எனர்ஜியில் மாணவர் குழு பட்டம் பெற்ற பின்னும் கடலிலேயே பல ஆண்டுகள் நின்றது. அத்தகைய ஆண்டுகளுக்கு ஊதியம் யார் தருவது என்பதைத்தான் பருவ இடைவேளையும் நல்கையும் இன்னும் தீர்க்கவில்லை.