வளையமிட்ட சிறு விமானங்கள்

1913ஆம் ஆண்டு செப்டெம்பரில், கீவ் நகரத்து வானிலே, இரஷ்யப் படை விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் தமது விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி முழு வளையமொன்று இட்டார். அவருக்குக் கிடைத்த முதற் பரிசு பாராட்டன்று. அரசாங்கச் சொத்தை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று பத்து நாட் காவல்! பதவியுயர்வு பின்னரே வந்தது.

உயிரைப் பணயம் வைக்கும் இவ்வித்தையைத் தரையில் நின்றே செய்து பார்க்கும் ஆசை மாதிரி விமானம் கட்டுவோருக்கு எழுந்தது இயல்பே. வழி திறந்தோர் அமெரிக்காவின் கலமசூ நகரத்து இரட்டையர் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்போர். எட்டடிச் சிறகுடைய அவர்களது 'பிக் கஃப்' 1937இல் வானொலி அலைகளுக்கு அடங்கிப் பறந்தது. நேயர்களே, இப்பேச்சைத் தங்கள் இல்லம் சேர்க்கும் அலைகளின் இனத்தவையே அவையும்.

போருக்குப் பின் பலரிடமிருந்த எளிய கருவி சுக்கானை மட்டுமே அசைக்கும்; அதுவும் முழுதாக இடம், அன்றேல் முழுதாக வலம். இதைக்கொண்டு வளையமிடுவதெங்ஙனம்? விமானத்தைச் சுழன்று இறங்கவிட்டு வேகம் சேர்ப்பர். சுக்கானை விடுவித்ததும் அவ்வேகமே மூக்கை உயர்த்தி அதனை முதுகுப்புறமாகப் புரட்டிவிடும். சுழன்றிறங்கும் வேளை கருவி பிழைத்தாலோ, பல மாத உழைப்பு பல்சா மரச் சிராய்களாய் வயலிற் கிடக்கும்.

அடுத்து வந்த கருவியில் ஆர்மோனியத்தின் நாக்குகளை ஒத்த உலோக நாக்குகள் இருந்தன. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு நாக்கு அதிர்ந்து, ஓர் உறுப்பை இயக்கிற்று. 1960இல் சுவிற்சர்லாந்தில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்ற எட் கஸ்மிர்ஸ்கியின் 'ஓரையன்' அக்காலத்தது. விசைகளைத் தட்டித் தட்டியே வட்டத்தை வட்டமாக்க வேண்டியிருந்தது. விரல் அசையுமளவே மடலும் அசையும் கருவி பின்னர் பரவியதும், மத்தியஸ்தர் புள்ளியிடும் நுட்பப் பறப்பு முதிர்ந்தது. வட்டம் நெளியலாகாது, கோடு சாயலாகாது.

1990களில் முளைத்த முப்பரிமாணப் பறப்போ இவ்விலக்கணத்தையே மீறிற்று. இழுவிசை எடையை மிஞ்சும் விமானம், சிறகை நம்பாது, விசிறியிலேயே தொங்கி வானில் நிற்கிறது. எனக்கு உவப்பானது பழைய ஒழுங்கே. ஆயினும் இப்புதுமையை எளிதென்று தள்ளிவிட முடியாது. விசிறி ஒருபுறம் சுழல, உடல் மறுபுறம் மெல்லத் திரும்பும். வயிறு எதிரே வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். இயக்குவோன் விரல்கள் ஒரு நொடியும் ஓய்வதில்லை.