தொலைபேசி அட்டையும் இலவசப் பேச்சும்



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் தேக்காவைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சிராங்கூன் சாலையின் தொடக்கத்திலுள்ள சந்தையும் அதைச் சுற்றிய கடைத்தெருக்களும்தான் தேக்கா. பெயரைக் கேட்டதும் தேக்குமரம் நினைவுக்கு வரலாம். ஆனால் மூங்கில் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இப்போதைய சந்தைக் கட்டடம் 1982-இல் திறக்கப்பட்டது. காய்கறி, பூ, புடவை, நகை என்று எல்லாம் கிடைக்கும் அந்த இடத்தில் ஒருகாலத்தில் சூடாக விற்ற பொருள் ஒன்று இன்று தேடினாலும் அகப்படுவது அரிது. அதுதான் வெளிநாட்டுத் தொலைபேசி அட்டை. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதே இன்றைய பேச்சு.

தூரத்திலிருப்பவரோடு பேசுவதற்கு விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். 1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில் தந்திக் கம்பி போடப்பட்டது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால்தான் சாவுச் செய்திகூட மூன்று நான்கு சொற்களில் முடிந்துவிடும். பின்னர் தொலைபேசி வந்தது. அங்கே சொல்லுக்கு விலையில்லை. தூரத்துக்கும் நிமிடத்துக்கும் விலை. சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூருக்குப் பேசினால், பேசுகிறவரிடம் இங்குள்ள நிறுவனம் பணம் வாங்கும். அதில் ஒரு பங்கை நிமிடக் கணக்கில் இந்திய நிறுவனத்துக்குக் கொடுக்கும். இரு பக்கமும் போட்டியில்லாத ஒற்றை நிறுவனங்கள். இந்தியாவில் வெளிநாட்டுப் பேச்சு முழுவதும் 2002 வரை வி.எஸ்.என்.எல். கையில் இருந்தது. போட்டியில்லாத இடத்தில் விலை எப்படி இருக்கும் என்பதைத் தோட்டத்து ஒற்றைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கிய நம் பெரியவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தனியுரிமை சிங்டெல் நிறுவனத்திடம் இருந்தது. 2007 வரை இருக்கவேண்டிய உரிமையை அரசாங்கம் முன்னதாகவே முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முதலில் ஒப்புக்கொண்ட இழப்பீடு மட்டும் 150 கோடி வெள்ளி! நிமிடக் கணக்கில் எவ்வளவு பணம் புரண்டது என்பதற்கு வேறு சான்று தேவையா? 2000 ஏப்ரல் 1 முதல் சந்தை முழுவதும் திறந்துவிடப்பட்டது. பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. விலை சரிந்தது. அந்தப் போட்டியில் செழித்ததுதான் அட்டை வியாபாரம்.

அந்த அட்டையைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சற்று விளக்குவோம். பத்து வெள்ளி கொடுத்தால் சீட்டுக்கட்டுச் சீட்டைப் போன்ற ஓர் அட்டை கிடைக்கும். அதன் பின்புறத்தில் பூசியிருப்பதைக் காசால் சுரண்டினால் இரகசிய எண் தெரியும். ஒரு குறிப்பிட்ட எண்ணை அழைத்து, இரகசிய எண்ணை அழுத்தி, பிறகு 91 போட்டு ஊர் எண்ணை அழுத்தவேண்டும். இன்னும் இத்தனை நிமிடம் பேசலாம் என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் திரளும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் இதுவே ஊரோடு இருந்த தொடர்பு. குழந்தை பிறந்த செய்தியும், அடகு வைத்த நகை மூழ்கப்போகும் செய்தியும் இந்த அட்டை வழியாகத்தான் வந்தன.

அட்டையிலும் சூது இருந்தது. அறிவித்த நிமிடம் ஒன்று, கிடைத்த நிமிடம் வேறாக இருக்கும். தொடர்பு கிடைத்ததற்கு ஒரு கட்டணம், அரை நிமிடத்தை முழு நிமிடமாக எண்ணுவது, சில வாரங்களில் காலாவதியாவது என்று பல வழிகள். நாமும் இப்படிப்பட்ட அட்டை ஒன்றை வாங்கி, பாதிப் பேச்சில் வெட்டுப்பட்டு நின்றதுண்டு.

இந்த வியாபாரத்தைச் சாய்த்தது இணையம். பழைய தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு வீட்டுப் பாலை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி ஆலைக்குப் போவது போன்றது அது. கூலி கட்டுமா? இணையத்தில் பேச்சு சிறுசிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முகவரி போடப்பட்டு, ஊரார் சரக்கோடு ஒன்றாகப் போய், மறுமுனையில் மீண்டும் கோக்கப்படுகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பட்டுக்கோட்டைக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான். தூரத்தை விற்றுப் பிழைத்தவர்களுக்கு இதைவிட வேறென்ன இடி வேண்டும்? விலையைக் குறைக்க அட்டைக்காரர்களில் பலர் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். பிறகு அதே வழியில் வந்தவர்கள் அட்டையே தேவையில்லை என்றார்கள்.

2003-இல் ஸ்கைப் வந்தது. கணினிக்குக் கணினி பேசினால் கட்டணமில்லை. ஆனால் கணினி வைத்திருக்கும் தொழிலாளி எத்தனை பேர்? 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப்தான் சாதாரண மக்களின் கைக்கு வந்தது. முதலில் ஆண்டுக்கு ஒரு அமெரிக்க டாலர் அளவில் கேட்டார்கள். 2016-இல் அதையும் விட்டுவிட்டார்கள். 2014-இல் ஃபேஸ்புக் நிறுவனம் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தபோது, உலகெங்கும் 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அங்கே வேலை செய்தவர்களோ ஏறத்தாழ 55 பேர். ஒரு சிறு தோட்டத்துப் பெரட்டுக்குக்கூட அதைவிட அதிக ஆட்கள் நிற்பார்கள். 2015-இல் அதன்வழி பேசவும், 2016-இல் முகம் பார்த்துப் பேசவும் முடிந்தது.

பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. கோபுரமும் கம்பியும் எங்கள் செலவு, அதன்மேல் ஓடிச் சம்பாதிப்பவர் வேறொருவரா என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 2014 பிப்ரவரியில் பார்சிலோனா மாநாட்டில், இத்தகைய சேவைகளிடம் கட்டணம் வாங்க அனுமதிக்கவேண்டும் என்று சிங்டெல்லின் அன்றைய தலைமை அதிகாரி சுவா சோக் கூங் பேசினார். சிங்டெல் பங்கு வைத்திருக்கும் இந்திய ஏர்டெல், அவ்வாண்டு டிசம்பரில் இணையப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் அறிவித்தது. மக்கள் எதிர்ப்பு கிளம்பவே சில நாள்களில் பின்வாங்கியது. நிமிடத்தை விற்றவர்கள், வேறு வழியின்றி, தரவு எனப்படும் இணையக் கொள்ளளவை விற்கத் தொடங்கினார்கள்.

இலவசப் பேச்சுக்கு இருமுனையிலும் இணையம் வேண்டும். தேக்காவில் மகன் கையில் நல்ல கைபேசி இருந்து பயனென்ன, திருவாரூர்ப் பக்கம் தாயார் கையில் இருக்கவேண்டாமா? அந்தக் குறையைத் தீர்த்தது ரிலையன்ஸ் ஜியோ. 2016 செப்டம்பர் 5-இல் தொடங்கி, அடுத்த மார்ச் முடிய இணையத்தையும் பேச்சையும் இலவசமாகவே கொடுத்தது. மற்ற நிறுவனங்கள் தடுமாறின. வோடஃபோனும் ஐடியாவும் 2018-இல் ஒன்றாயின. நம் மலேசியாவின் மெக்சிஸ் பெரும்பங்கு வைத்திருந்த ஏர்செல், 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நிறுவனம், 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. போட்டியாளர்கள் குறைந்தபின் நடந்ததையும் சொல்லவேண்டும்: 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜியோவும் கட்டணத்தை உயர்த்தியது.

அப்படியானால் இலவசம் என்பது யார் காசு? ஒரு பகுதி நம் காசுதான். மாதந்தோறும் தரவுக்குக் கட்டுகிறோம். புதுக் கைபேசிக்கும் கட்டுகிறோம். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் பழைய இரண்டாம் தலைமுறைச் சேவையை மூடியபோது, தொழிலாளர்கள் வைத்திருந்த பொத்தான் கைபேசிகள் பல வெறும் டப்பாவாகிவிட்டன. மறுபகுதி நம்மைப் பற்றிய விவரம். வாட்ஸ்அப்பில் நாம் பேசுவதை நிறுவனத்தாரும் கேட்கமுடியாதபடி பூட்டு இருக்கிறது. ஆனால் யாரோடு, எப்போது தொடர்பு கொள்கிறோம் என்ற குறிப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது. வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் வணிக நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்டுகின்றன. 2025-இல் விளம்பரமும் உள்ளே வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஸ்கைப் மூடப்பட்டது. அட்டையை முதலில் அசைத்தவனுக்கும் அதே கதிதான்.

தேக்காவில் அட்டை விற்ற சிறுகடைக்காரருக்கு 150 கோடி வெள்ளி கொடுக்க யாரும் வரவில்லை. கைபேசி உறை, மின்னூட்டி, சிம் அட்டை என்று மாறிக்கொண்டவர் பிழைத்தார். மற்றவர் கடையைக் கட்டினார். இப்போது காற்று பணம் அனுப்பும் கடைகள் பக்கம் வீசுகிறது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டு, கைபேசியிலிருந்தே ஊருக்குப் பணம் அனுப்பும் வழி திறந்தது. வேறு பல செயலிகளும் கட்டணமே இல்லை என்று கூவி அழைக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் அல்லது எத்தனை ரிங்கிட் தருகிறார்கள் என்பதை இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டு அனுப்பட்டும். கட்டணத்தில் விட்டதை மாற்று விகிதத்தில் பிடித்துக்கொள்வது அந்தத் தொழிலில் பழைய வழக்கம்.