மரமறுத்த வாள்

திருமயம் என்றதும் வரலாறு படிப்போர் நினைவில் எழுவது இராமநாதபுரம் சேதுபதி மன்னர் 1687இல் எழுப்பிய கோட்டை. கோட்டையை நினைத்தால் வாளும் உடன் வரும். ஆனால் மரமறுக்கும் கருவிக்கும் தமிழில் வாள் என்றே பெயர். படைவாளுக்குப் புகழ் வாய்த்தது. விறகுக்கு மரமறுத்த வாளுக்கு அது வாய்க்கவில்லை.

இப்பெயர் புதிதன்று. சங்கை அறுத்து வளையாக்கும் கருவியை அகநானூற்றின் 24ஆம் பாடல் வாளரம் என்கிறது. ஈர்வாள் என்ற வழக்கும் உண்டு. ஈர்தல் என்பது அறுத்தல். தெலுங்கிலும் வழங்கும் ரம்பம் இன்று இவற்றைப் பின்தள்ளிவிட்டது.

விறகு வேலையில் வாளுக்கும் கோடரிக்கும் பங்கு பிரிந்திருந்தது. மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுவது. நார்ப்போக்கில் கோடரி எளிதாகப் பிளக்கும். குறுக்கே வெட்டினாலோ மரம் சில்லுகளாகச் சிதறி வீணாகும். ஆகவே அடிமரத்தை முதலில் வாளால் துண்டுகளாக அறுத்து, பிறகே கோடரியும் ஆப்பும் கொண்டு பிளப்பர். பருத்த மரத்துக்கு இருமுனையிலும் பிடியுள்ள நீண்ட வாள் வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி இழுப்பர். இழுப்பதன்றித் தள்ளுவதில்லை, தள்ளினால் மெல்லிய தகடு வளைந்து சிக்கும். ஒருவர் இழுக்கையில் மற்றவர் கையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்க வேண்டும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சாய்த்து வைப்பார்கள்; அறுவாய் தகட்டைவிட அகன்றால்தான் வாள் இறுகாமல் ஓடும். மழுங்கிய பற்களை அரத்தால் ராவிக் கூராக்குவர்.

'ஆப்பசைத்த குரங்கு' என்னும் பழமொழிக்குப் பின்னாலும் இத்தொழிலே நிற்கிறது. பஞ்சதந்திரக் கதையில் பாதி அறுத்த மரத்தில் ஆப்பைச் செருகிவிட்டுத் தொழிலாளர் உண்ணப் போகிறார்கள். குரங்கின் அறியாமையைப் பேசிய நாம் அவர்களை மறந்துவிட்டோம்.

இராயவரம், கோனாபட்டு முதலிய நகரத்தார் ஊர்கள் திருமயம் வட்டத்திலேயே உள்ளன. அங்குள்ள பெருவீடுகளின் அழகை எழுதுவோர் பலர். அவற்றின் திருமணப் பந்திகளுக்கு உலை கொதித்த விறகு எவர் கைகளால் அறுபட்டது என்று எழுதியோர் அரியர்.

எரிவாயு அடுப்பும் இயந்திர ரம்பமும் வந்தபின் இருவர் இழுக்கும் வாளுக்கு வேலை குறைந்தது. கைநோவு குறைந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது, கருவியோடு அதன் சொற்களும் அந்தக் கைப்பழக்கமும் பதிவின்றிப் போவதற்காகத்தான். இயந்திரம் ஓடும் இடத்துக்கும் வாள்பட்டறை என்ற பெயர் நிலைத்திருப்பது ஓர் ஆறுதல்.

படைவாளைச் சிறப்பிக்க வாள்மங்கலம் என்ற துறையைத் தொல்காப்பியம் வகுத்தது. மரவாளுக்குக் கிடைத்தது ஆயுத பூஜையன்று வைக்கும் சந்தனமும் குங்குமமுமே. அது பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன், அதை இழுத்த முதியவர்களிடம் அதன் சொற்களைக் கேட்டு எழுதி வைப்பது தமிழ் படித்த நம் கடன்.