மலையும் சமவெளியும்

கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு ‘மலையாளி’ என்று பெயர். அப்பெயர் கேட்டு அவர்களைக் கேரளத்தாராக எண்ணுவோர் சமவெளியில் உண்டு. அவர்கள் பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்பது அவர்தம் மரபுரை. எட்கர் தர்ஸ்டனும் 1909ஆம் ஆண்டு நூலில் இதனைப் பதிந்துள்ளார்.

சந்தை இருசாராரையும் சேர்த்தது, ஐயத்தை அகற்றவில்லை. சமநிலையும் பொதுநோக்கும் உள்ள பழக்கமே தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்றார் கார்டன் ஆல்போர்ட் (1954). 1976இல் ஜாகீர் ஆட்சி முடிந்தும் அச்சமநிலை வாய்க்கவில்லை. 2024இல் கள்ளக்குறிச்சி நச்சுச்சாராயச் சாவுகளுக்குப் பின்னரே இம்மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக விசாரணைக்கு எடுத்தது. துயரத்தின் வழியாகவே மலை சமவெளியின் கண்ணிற் பட்டது.

மலையைப் பாடுவோர் முதலில் மலையாரோடு ஒரே திண்ணையில் அமர்தல் வேண்டும். அவர்தம் பெயரின் பொருளையேனும் அவர் வாயாற் கேட்டறிதல் வேண்டும்.